பழைய சாணைக்கல் கையில் கிடைத்தால்: அது எந்தக் கல் என்று கண்டுபிடிப்பது எப்படி?

பழைய சாணைக்கற்களைச் சேகரிக்கத் தொடங்குகிறவர்கள் முதலில் கேட்பது ஒரே கேள்விதான்: இது என்ன கல்? நியாயமான கேள்வி. ஆனால் பச்சையும் சாம்பலும் கலந்த ஒரு கல்லைப் படம் எடுத்துக் காட்டினால் பத்துப் பேர் பத்துப் பெயர் சொல்வார்கள், பத்தும் பொருத்தமாகவே தோன்றும். அதனால் கேள்வியைத் திருப்பிப் போடுங்கள். இது எந்தக் கல்லாக இருக்கவே முடியாது? ஒவ்வொன்றாகக் கழித்துக்கொண்டே போனால் கடைசியில் இரண்டு மூன்று பெயர்கள்தான் மிஞ்சும், சில நேரம் ஒன்றே மிஞ்சும். நிறத்தையும் பெட்டியில் ஒட்டிய காகிதத்தையும் கடைசியில் பார்த்துக்கொள்ளலாம். எடை, கடினம், உரைத்தால் வரும் குழம்பு ஆகிய மூன்றையும் முதலில் பார்க்க வேண்டும்.

சாணை என்றதும் தெருவில் மிதித்துச் சுழற்றும் சக்கரம் நினைவுக்கு வரலாம். இங்கே பேசுவது கையால் தீட்டும் தட்டையான கல்லைப் பற்றி. சவரக்கத்தி, உளி, இழைப்புளி, பேனாக்கத்தி எல்லாவற்றுக்கும் ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் ஜப்பானிலும் மலையை வெட்டி எடுத்து விற்ற கற்கள் இவை. கல் ஏன் கத்தியைக் கூராக்குகிறது? அதற்குள் எஃகைவிடக் கடினமான துகள்கள் இருக்கின்றன: குவார்ட்ஸ், கார்னெட் போன்றவை. துகள் எவ்வளவு பொடியானது, அது எந்த வடிவம், அதைப் பிடித்து வைத்திருக்கும் பொருள் இறுக்கமா தளர்வா, இந்த மூன்றும்தான் ஒரு கல்லின் குணம். இதே மூன்றும்தான் அடையாளம் காணவும் உதவுகின்றன.

முதல் கழித்தல்: இயற்கைக் கல்லா, மனிதர் செய்ததா?

பழைய பெட்டிகளில் கிடைப்பவற்றில் பெரும்பங்கு செயற்கைக் கற்களே. 1891இல் அமெரிக்காவில் எட்வர்ட் அச்சிசன் சிலிக்கன் கார்பைடைச் செய்து, அதற்குக் கார்போரண்டம் என்று பெயர் வைத்தார். அந்தப் பொருளில் ஆன கல் எவ்வளவு தேய்ந்து கறுத்திருந்தாலும் 1891க்கு முந்தையதாக இருக்க வழியில்லை. சென்னையில் 1954இல் கார்போரண்டம் யுனிவர்சல் தொடங்கியதால் நம் ஊர்த் தச்சர்களுக்கும் இந்த வகைக் கல் நன்றாகப் பழக்கம். தாத்தாவின் கருவிப்பெட்டியில் ஒரு பக்கம் சொரசொரப்பாகவும் மறுபக்கம் நைஸாகவும் ஒரு கல் இருந்தால், அது அநேகமாக இந்தக் குடும்பம்தான். கண்டுபிடிப்பது கஷ்டமில்லை. எந்தப் பக்கம் பார்த்தாலும் துகள் ஒரே சீராக இருக்கும், வெயிலில் சாய்த்தால் பொடிப்பொடியாக மின்னும், அச்சில் வார்த்ததால் ஓரங்களில் அறுத்த தடம் இருக்காது. இயற்கைக் கல்லில் ஏதாவது ஒரு ஒழுங்கின்மை இருந்தே தீரும்: ஒரு கோடு, ஒரு புள்ளி, அடியில் ரம்பத்தின் தடம், அல்லது உளியால் கொத்திய பள்ளம். முகத்தை எல்லாரும் தேய்த்துவிடுகிறார்கள், அடிப்பக்கத்தை யாரும் தொடுவதில்லை, ஆகவே கல்லை வாங்கியதும் திருப்பிப் பாருங்கள். நாவிதர்கள் வைத்திருந்த சின்னக் கற்களில் எழுத்தும் படமும் அச்சாகக் குழிந்திருந்தால் அதுவும் பெரும்பாலும் செயற்கைதான்.

அடுத்து, சுத்தம் செய்யாமல் எதையும் முடிவு செய்யாதீர்கள். நூறு வருட எண்ணெயும் எஃகுத் தூளும் சேர்ந்து இறுகிப்போன கல் கறுப்பாகத்தான் தெரியும், உள்ளே பால்வெள்ளைக் கல் இருக்கலாம். சோப்புத் தண்ணீரும் பழைய பல்துலக்கியும் முதலில். எண்ணெய் ஊறிய கடினமான கல் என்றால் மண்ணெண்ணெயிலோ டர்பன்டைனிலோ சில நாள் ஊறவிடலாம், காற்றோட்டமான இடத்தில், அடுப்புக்குப் பக்கத்தில் வேண்டாம். கொதிக்கும் தண்ணீரில் போடுவதும் ஓவன் அடுப்பில் வைத்து எண்ணெயை உருக்குவதும் கூடவே கூடாது, கல் பிளந்துவிடும். இரண்டு அடுக்காக ஒட்டிய கல்லை எதிலும் ஊறப்போடாதீர்கள். பழைய பசை இளகிவிடும். ஈரத்துணியால் துடைத்துத் துடைத்துத்தான் எடுக்க வேண்டும்.

எண்ணெய்க் கல், தண்ணீர்க் கல் என்ற பிரிவு மிகப் பழையது. 1ஆம் நூற்றாண்டில் ரோமில் எழுதிய பிளினி, கிரீட் தீவின் கல்லுக்கு எண்ணெய் வேண்டும், நக்சோஸ் கல்லுக்குத் தண்ணீர் போதும் என்று பிரித்து எழுதியிருக்கிறார். எச்சில் தொட்டுத் தீட்டும் ஒரு கல் நாவிதர் கடைகளில் இருந்ததையும் சொல்கிறார். இன்றைக்கும் இந்தப் பிரிவு ஒரு சின்னத் துப்பு. எண்ணெய் குடித்த கல் என்றால் அமெரிக்க, பிரிட்டிஷ், துருக்கிக் கற்களின் பக்கம் யோசிக்கலாம். சுத்தமாக, சோப்பு வாசனையோடு வந்தால் ஜெர்மனி அல்லது பெல்ஜியம் பக்கம். துப்பு மட்டுமே, சாட்சி அல்ல. கையில் இருந்ததை ஊற்றித் தீட்டியவர்கள் எல்லா ஊரிலும் உண்டு.

சரி, இப்போது கல் சுத்தமாகிக் காய்ந்துவிட்டது. ஒரு பழைய ஆணியையோ கத்தி முனையையோ எடுத்து, அடிப்பக்கத்தின் மூலையில் அழுத்தி ஒரு கோடு போடுங்கள். இரண்டில் ஒன்று நடக்கும். கோடு கல்லுக்குள் இறங்கும், விரலால் தடவினால் பள்ளம் தெரியும். இல்லாவிட்டால் ஈயப் பென்சிலால் எழுதியது போல ஒரு சாம்பல் கோடு மேலே படியும். எச்சில் தொட்டுத் தேய்த்தால் போய்விடும், கல்லில் கீறல் இருக்காது. அந்தச் சாம்பல் கோடு கல்லின் காயம் அல்ல, ஆணியிலிருந்து உதிர்ந்த எஃகு. முதல் வகை பலகைக்கல் (ஸ்லேட்) குடும்பம், மைக்கா போன்ற மிருதுவான பொருள் துகள்களைப் பிடித்து வைத்திருக்கிறது. இரண்டாவது வகையில் கல் முழுக்க, அல்லது ஏறக்குறைய முழுக்க, சிலிக்கா, அதாவது குவார்ட்ஸின் பொருள். இந்த ஒரு கோட்டிலேயே பெயர்ப் பட்டியலில் பாதி கழிந்துவிடும்.

கோடு இறங்கிய கல்லை எடுத்துக்கொள்வோம். இங்கே கேட்க வேண்டியது குழம்பை. கல்லின் மேல் சில சொட்டுத் தண்ணீர் விட்டு, அதே கல்லின் சிறு துண்டாலோ வைரப் பொடி பதித்த தட்டாலோ, சந்தனம் உரைப்பது போல வட்டமாக உரையுங்கள். கத்தியைத் தொடவே கூடாது, எஃகு சேர்ந்தால் எல்லாக் குழம்பும் கறுத்துவிடும், பிறகு பார்த்துப் பயனில்லை. குழம்பு பால் போல வெள்ளையாக, லேசான மஞ்சளோடு வந்து, கல்லும் மஞ்சளாகவோ வெண்ணெய் நிறமாகவோ இருந்தால் அது கோட்டிக்கூலாக இருக்க நிறைய வாய்ப்பு. பெல்ஜியத்தின் ஆர்டென் மலைப்பகுதியில், வியல்சாம் ஊரைச் சுற்றி எடுத்த கல் இது. இதற்குள் வேலை செய்வது மாங்கனீசு கலந்த ஸ்பெசார்ட்டைன் கார்னெட். சில மைக்ரான் அளவுள்ள, பன்னிரண்டு முகம் கொண்ட குட்டி மணிகள். முனைகள் விரிகோணமாக இருப்பதால் எஃகை ஆழமாகக் கீறாமல் மெல்லச் சுரண்டுகின்றன, அதனால்தான் சவரக்கத்திக்கு இந்தக் கல் அவ்வளவு பிடித்துப்போனது.

மஞ்சள் அடுக்கு மலையில் மெல்லியதாகத்தான் கிடைக்கிறது, தனியாக எடுத்தால் எளிதில் உடையும். ஆகவே பலகைக்கல்லின் மேல் ஒட்டி விற்றார்கள். சில கற்களில் மஞ்சளும் அதற்கு அடியில் உள்ள ஊதா அடுக்கும் மலையிலேயே ஒன்றாகப் பிறந்தவை, அவற்றை அப்படியே அறுத்திருப்பார்கள். சேகரிப்பவர்களுக்கு இந்த வித்தியாசம் பெரிய விஷயம். பக்கவாட்டில் லூப் (கண்ணருகே வைத்துப் பார்க்கும் சிறு பூதக்கண்ணாடி) வைத்து இணைப்பைப் பாருங்கள். ஒட்டியது என்றால் ஸ்கேல் வைத்துக் கோடு போட்டது போல நேராக, நடுவே கறுத்த பசையின் இழையோடு தெரியும். இயற்கையாகச் சேர்ந்தது என்றால் கோடு கொஞ்சமாவது அலையும், ஒரு நிறம் மற்றதற்குள் கசியும், பசை இருக்காது. அந்த ஊதா அடுக்கும் தனியாகத் தீட்டும் கல்லாகவே விற்பனையாகிறது. பெல்ஜியன் புளூ என்று பெயர், குழம்பும் ஊதா கலந்தே வரும். ஆனால் வேல்ஸ் நாட்டிலும் ஊதா நிறப் பலகைக்கல் உண்டு, ஆகவே ஊதா என்பதற்காக மட்டும் பெல்ஜியத்துக்குப் போய்விடாதீர்கள்.

கல் பச்சை, நீலப்பச்சை, அல்லது கருநீலமாக, கோடோ புள்ளியோ இல்லாமல் ஒரே சீராக, தொட்டால் வழுவழுவென்று இருந்து, அவ்வளவு இருண்ட கல்லிலிருந்து வெளிர்ந்த குழம்பு வந்தால், மனதைத் திடப்படுத்திக்கொண்டு மறுபடி ஒரு தடவை உரைத்துப் பாருங்கள். இது துரிங்கியன் கல்லாக இருக்கலாம். ஜெர்மனியின் துரிங்கியா பகுதியில், சோன்னெபெர்க், ஸ்டைனாக் ஊர்களின் அருகே வெட்டியது. சாதாரணக் கூரைப் பலகைக்கல்லும் கண்ணுக்கு இதே போலத் தெரியும், ஆனால் அதை உரைத்தால் குழம்பு பெரும்பாலும் கல்லின் நிறத்திலேயே, கருஞ்சாம்பலாக வரும். இந்தக் கற்களை உலகம் முழுக்க விற்ற நிறுவனங்களில் பெயர் பெற்றது சோன்னெபெர்கின் எஷெர் அண்ட் ஜோன். நிறத்தை வைத்துத் தரம் பிரித்து, கல்லின் தலைப்பக்கத்தில், அதாவது குறுகிய முனையில், காகிதம் ஒட்டி அனுப்பினார்கள். காகிதம் இருந்தால் விலை எங்கேயோ போய்விடுகிறது. காகிதம் இல்லாத கல்லும் அதே மலையிலிருந்து வந்திருக்கலாம், அதே போலத் தீட்டலாம். அதை எஷெர் என்று சொல்லாமல் துரிங்கியன் என்று மட்டும் சொல்வதுதான் நேர்மை. விற்பவர்களில் பலர் இந்த எல்லையைத் தாண்டுகிறார்கள். காகிதம் இல்லையென்றால் எஷெர் என்ற பெயருக்காக ஒரு பைசாகூட அதிகம் கொடுக்காதீர்கள்.

இனி, ஆணி சறுக்கிய கற்கள். இங்கே பெரிய பெயர் ஆர்க்கன்சா. அமெரிக்காவின் ஆர்க்கன்சா மாநிலத்தில், ஹாட் ஸ்பிரிங்ஸ் நகரை ஒட்டிய உவாச்சிட்டா மலைகளில் கிடைக்கும் நோவாக்குலைட் என்ற பாறை, கிட்டத்தட்ட முழுக்க சிலிக்கா. அமெரிக்கப் பூர்வகுடிகள் அதில் அம்பு முனைகள் செய்தார்கள், பிற்பாடு வந்தவர்கள் சாணைக்கல் செய்தார்கள். ஒரே பாறைதான் என்றாலும் சில இடங்களில் நுண்ணிய ஓட்டைகள் நிறைய, சில இடங்களில் ஓட்டையே இல்லாத இறுக்கம். ஓட்டை நிறைந்தது வாஷிட்டா என்ற பெயரில் போனது, வேகமாக எஃகை அரிக்கும். இறுகியது கெட்டியான ஆர்க்கன்சா, அதிலும் ஒளி ஊடுருவும் வகை மிக நைஸானது.

இவற்றைப் பிரிக்க நிறம் உதவவே உதவாது. வெள்ளை, கறுப்பு, ரோஜா, சாம்பல் என்று எல்லா நிறத்திலும் வரும். இங்கேதான் சமையலறைத் தராசு வேண்டும், 1 கிராம் வரை காட்டும் மின்தராசு போதும். காய்ந்த கல்லின் எடையை எழுதிக்கொள்ளுங்கள். பிறகு ஒரு பாத்திரத்தில் தண்ணீர் வைத்து, தராசின் மேல் ஏற்றி, எடையைப் பூஜ்யமாக்குங்கள். கல்லை மெல்லிய நூலில் கட்டி, தண்ணீரில் முழுக்க மூழ்கும்படி, ஆனால் பாத்திரத்தின் அடியையோ பக்கத்தையோ தொடாதபடி, கையில் பிடித்துத் தொங்கவிடுங்கள். இப்போது தராசு காட்டும் எண்தான் கல்லின் கன அளவு, கன சென்டிமீட்டரில். கல் எவ்வளவு தண்ணீரை ஒதுக்குகிறதோ, அந்தத் தண்ணீரின் எடை தராசின் மேல் விழுகிறது. தண்ணீர் 1 கன சென்டிமீட்டருக்கு 1 கிராம் என்பதால் கணக்கு சுலபமாகிவிடுகிறது. முதல் எண்ணை இரண்டாவதால் வகுத்தால் அடர்த்தி. உதாரணமாக, கல் 412 கிராம், தண்ணீரில் தராசு காட்டுவது 158 என்றால் அடர்த்தி 2.61. இன்னொரு கல் 368, 162 என்றால் 2.27.

சுத்தமான குவார்ட்ஸின் அடர்த்தி 2.65. நோவாக்குலைட் என்பது குவார்ட்ஸும் காற்றும் மட்டும்தான், ஆகவே எந்த ஆர்க்கன்சா கல்லும் 2.65ஐத் தாண்டக் கூடாது. 2.6க்கு அருகே வந்தால் இறுகிய, மிக நைஸான வகை. 2.2, 2.3 என்று இறங்கினால் ஓட்டை நிறைந்த வாஷிட்டா அல்லது மிருதுவான வகை. மேலே சொன்ன இரண்டு உதாரணக் கற்களும் கண்ணுக்கு ஒரே மாதிரி வெள்ளையாக இருக்கக்கூடும், தராசு அவற்றை ஒரே நிமிடத்தில் பிரித்துவிடுகிறது. இந்த ஒரு சோதனைக்காகவே ஆர்க்கன்சா கற்கள் எனக்கு மிகவும் பிடிக்கும், வேறு எந்தக் கல்லும் தன்னைப் பற்றி இவ்வளவு தெளிவாகச் சொல்வதில்லை. ஒரு எச்சரிக்கை: ஓட்டைகளில் பழைய எண்ணெய் தங்கியிருந்தால் எண் கூடுதலாக வரும், வாஷிட்டாவும் கெட்டிக் கல் போலக் காட்டும். தண்ணீரில் இறக்கியதும் குமிழ் கிளம்பினால், கல் தண்ணீர் குடிக்கிறது என்று அர்த்தம், எண்ணைச் சட்டென்று குறித்துக்கொள்ளுங்கள். ஒட்டிய கோட்டிக்கூலுக்கு இந்தச் சோதனை பயன்படாது, இரண்டு கல்லின் சராசரிதான் வரும். ஒட்டாத கோட்டிக்கூல் என்றால் கார்னெட்டின் கனத்தால் எண் 3ஐயே தாண்டும், பலகைக்கற்கள் 2.7, 2.8 அளவில் நிற்கும்.

அடர்த்தி பார்த்த பிறகு இருட்டு அறையில் கல்லின் ஓரத்துக்குப் பின்னால் டார்ச்சு அடித்துப் பாருங்கள். ஒளி ஊடுருவும் ஆர்க்கன்சா என்றால் விளிம்பு தேன் நிறத்திலோ இளஞ்சிவப்பிலோ ஒளிரும்.

வாஷிட்டாவில் தேடப்படும் பெயர் லில்லி ஒயிட். நியூ ஹாம்ப்ஷைர் மாநிலத்தின் பைக் நிறுவனம் கல்லைப் பொறுக்கி, தரம் பிரித்து, அந்தப் பெயரில் விற்றது. 1932இல் அந்த நிறுவனத்தை நார்ட்டன் வாங்கியது. ஆகவே காகிதத்தில் பைக் என்ற பெயர் மட்டும் இருந்தால் 1932க்கு முந்தையதாக இருக்க வாய்ப்பு, நார்ட்டன் பைக் என்று சேர்ந்து வந்தால் பிந்தையது. காகிதம் ஒட்டிய கல்லும் பெட்டியில் காகிதம் ஒட்டிய கல்லும் ஒன்றல்ல என்பதையும் கவனியுங்கள். பெட்டிகள் மாறும். மரப்பெட்டியின் குழிக்கும் கல்லின் அளவுக்கும் இடையே விரல் நுழையும் இடைவெளி இருந்தால் அந்தப் பெட்டி அந்தக் கல்லுக்காகச் செதுக்கியதில்லை.

பிரிட்டிஷ் கற்கள்தான் ஆளைக் குழப்புபவை. லெஸ்டர்ஷையரின் சார்ன்வுட் காட்டுப்பகுதியிலிருந்து வந்த சார்ன்லி ஃபாரஸ்ட் கல் பச்சைச் சாம்பல் நிறம், அதில் செம்பழுப்புத் தீற்றல்கள், மிகக் கடினம், தீட்ட நேரமும் பொறுமையும் வேண்டும். எரிமலைச் சாம்பல் கடலடியில் படிந்து இறுகிய பாறை அது; அந்தக் காட்டின் பாறைகளில்தான் 1957இல் சார்னியா என்ற, 55 கோடி ஆண்டுக்கும் முந்தைய உயிரின் தடத்தைக் கண்டார்கள். வேல்ஸில் ஸ்னோடோனியா மலைகளின் இட்வால் ஏரிப் பக்கத்துக் கல்லும் பச்சைதான். மெலின்லின் ஏரிக்கு அருகே வெட்டிய கல் மஞ்சள் ஏரிக் கல் என்ற பெயரில் விற்பனையானது, ஆனால் கல் மஞ்சள் இல்லை. ஸ்காட்லாந்தின் ஏர்ஷையரிலிருந்து வந்த வாட்டர் ஆஃப் ஏர், டாம் ஓ ஷான்டர் கற்களை மட்டும் சுலபமாகப் பிடித்துவிடலாம், சாம்பல் உடம்பில் கரும்புள்ளிகள் தெளித்திருக்கும். பச்சைக் கல் ஒன்றில் சிவப்புத் தீற்றல் இல்லை, புள்ளி இல்லை, காகிதம் இல்லை, ஆணி பாதி இறங்கிப் பாதி சறுக்குகிறது என்றால், பிரிட்டனின் ஏதோ ஒரு மலைக் கல் என்று எழுதிவைத்துவிட்டு நிறுத்திக்கொள்ளுங்கள். பெயர் தெரியாத கல் என்று ஒரு சீட்டு ஒட்டி வைப்பதில் தவறே இல்லை, தப்பான பெயர் ஒட்டினால் அடுத்தவர் கைக்கு அது உண்மையாகப் போய்ச்சேரும்.

துருக்கிக் கல் என்று பழைய நூற்றாண்டுகளில் பெரிதும் மதிக்கப்பட்ட ஒன்று உண்டு. கிழக்கு மத்தியதரைக் கடல் பக்கத்திலிருந்து வந்தது, திட்டுத்திட்டாக நிறம் மாறும், எளிதில் உடைவதால் முழுக் கல்லாகக் கிடைப்பது அரிது. சிலிக்காவோடு சுண்ணாம்பும் கலந்திருப்பதால் அடிப்பக்கத்தில் ஒரு சொட்டு வினிகர் விட்டு லூப்பில் பார்த்தால் நுரை கிளம்பக்கூடும். ஆர்க்கன்சாவில் அது நடக்காது.

ஜப்பானியக் கற்கள் தனி உலகம், கியோட்டோவின் மேற்கு மலைகளில் நகயாமா, ஓசுக்கு, நருத்தாக்கி என்று ஒவ்வொரு சுரங்கத்துக்கும் ஒரு பெயர் உண்டு. தொடங்குபவர்களுக்கு ஒன்று மட்டும்: பக்கத்தில் மையால் குத்திய முத்திரையோ பூசிய அரக்குப் பூச்சோ இருந்தால் அதைத் தேய்க்காதீர்கள்.

தேய்ப்பது என்றதும் சமன் செய்வது பற்றிச் சொல்ல வேண்டும். பழைய கல் பெரும்பாலும் நடுவில் குழிந்திருக்கும். பென்சிலால் கட்டம் கட்டமாகக் கோடு போட்டு, தடித்த கண்ணாடியில் ஒட்டிய நீர்த் தாளில் (ஈரத்தில் தேய்க்கும் உப்புத்தாள்) தண்ணீர் விட்டுத் தேய்த்தால், கோடு மறையாத இடம் பள்ளம். பலகைக்கல் குடும்பத்துக்கு இது போதும். ஆர்க்கன்சாவுக்குத் தாள் தாங்காது, வைரத் தட்டும் மழுங்கிவிடும்; கண்ணாடியில் சிலிக்கன் கார்பைடுப் பொடியைத் தூவித் தண்ணீரோடு தேய்க்க வேண்டும். எப்போதும் ஈரத்தோடுதான். காய்ந்த சிலிக்காத் தூள் நுரையீரலுக்குள் போனால் திரும்பி வராது. சவரக்கத்திக்குச் சமதளம் கட்டாயம், சமையலறைக் கத்திக்கு லேசான பள்ளம் ஒன்றும் செய்யாது. சேகரிப்பில் வைக்கப்போகிற கல் என்றால் நான் முகத்தைத் தொடவே மாட்டேன், இணைப்பும் அடிப்பக்கமும் தலைப்பக்கக் காகிதமும் முழுதாக இருக்கும் கல்தான் அடுத்தவருக்கும் பாடம் சொல்லும்.

தூரத்திலிருந்து வாங்கும்போது விற்பவரிடம் ஐந்து விஷயம் கேளுங்கள்: ஈரமாக்கிய முகத்தின் படம், அடிப்பக்கம், நீளப் பக்கம், இரண்டு தலைப்பக்கங்கள், அப்புறம் நீள அகல உயரத்தோடு எடை. கடைசி விஷயத்தை யாரும் கேட்பதில்லை. ஆனால் செவ்வகக் கல் என்றால் மூன்று அளவையும் பெருக்கி எடையை வகுத்தாலே தோராயமான அடர்த்தி வந்துவிடும், ஒளி ஊடுருவும் ஆர்க்கன்சா என்று விலை சொல்கிற கல் 2.3 காட்டினால் விலையை மறுபடி பேசலாம்.